பீரோவில் தூங்கும் வீடியோ கேசட்டை கம்ப்யூட்டருக்குக் கொண்டு வருவது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வைரஸைப் பற்றித்தான். அடுத்து, கொஞ்சம் தயங்கி இன்னொரு கேள்வி வரும். "எங்க கல்யாணக் கேசட் ஒண்ணு கிடக்குது தம்பி, அத கம்ப்யூட்டர்ல ஏத்த முடியுமா?" முடியும். ஆனால் அதற்கான நாட்கள் குறைந்து கொண்டே வருகின்றன. ஏன் என்பதையும், எப்படி என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். நடுவில், அந்தக் காலத்துச் சொற்கள் சிலவற்றையும் தெரிந்து கொள்வோம். அவை தெரியாவிட்டால் கடைக்காரர் சொல்வது உங்களுக்கும், நீங்கள் கேட்பது அவருக்கும் புரியாமல் போய்விடும்.

டெக், வி.சி.ஆர்., வி.சி.பி.

சேலம், நாமக்கல் பக்கம் பெரியவர்கள் இதனை "டெக்" என்றுதான் சொல்வார்கள். டேப் டெக் என்பதன் பாதிப் பெயர் அது. கோவில் திருவிழா, காதுகுத்து என்றால் டி.வி.யும் டெக்கும் நாள் வாடகைக்கு வரும். கூடவே நாலு படக் கேசட்டும் வரும். விடிய விடியத் தெருவே உட்கார்ந்து பார்க்கும். இந்தக் காட்சிகள் பெருகியதால்தான் தமிழக அரசு 1984ல் வி.சி.ஆர். மூலம் திரைப்படம் காட்டுவதை முறைப்படுத்தத் தனிச் சட்டமே கொண்டு வந்தது. காசு வாங்கிப் படம் காட்டும் வீடியோ பார்லர்களுக்கு லைசென்ஸ் தேவை என்றானது.

டெக் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. வி.சி.ஆர். என்பது வீடியோ கேசட் ரெக்கார்டர். இது டி.வி. நிகழ்ச்சியைப் பதிவு செய்யும், பதிந்ததைக் காட்டவும் செய்யும். வி.சி.பி. என்பது வீடியோ கேசட் பிளேயர். இது காட்ட மட்டுமே செய்யும், விலையும் குறைவு. நமது வேலைக்கு வி.சி.பி.யே போதும். பழைய சாமான் கடையில் வி.சி.ஆர். என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கேசட்டின் மேல் வி.எச்.எஸ். என்று போட்டிருக்கும். இதன் விரிவாக்கம் வீடியோ ஹோம் சிஸ்டம். ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976ல் இதனை வெளியிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் கொண்டு வந்திருந்தது. இரண்டுக்கும் நடந்த போட்டியில் வி.எச்.எஸ். வென்றது. இந்தப் பகுதியில் எனக்குக் கிடைத்த கேசட்டுகளில் ஒன்று கூட பீட்டாமேக்ஸ் இல்லை.

கேசட்டில் இ-180 என்று எழுதியிருந்தால் 180 நிமிடம் ஓடும் என்று பொருள். இ என்ற எழுத்து, நம் நாட்டில் பயன்பட்ட பால் என்ற ஒளிபரப்பு முறையைக் குறிக்கிறது. அமெரிக்க உறவினர் அனுப்பிய கேசட்டாக இருந்தால் டி-120 என்று இருக்கலாம். அங்கே பயன்பட்ட முறை என்.டி.எஸ்.சி. அதை இங்குள்ள சாதாரண டெக்கில் போட்டால் படம் உருளும், அல்லது கலர் போய்விடும். இதற்கு மல்டி சிஸ்டம் டெக் தேவை.

தமிழில் இதற்கு ஒளிநாடா, ஒளிப்பேழை என்ற சொற்கள் உண்டு. ஆடியோ கேசட்டுக்கு ஒலிநாடா, ஒலிப்பேழை. ல, ள வேறுபாட்டில் அர்த்தமே மாறிவிடும் என்பதால் அச்சுப்பிழைக்கு நல்ல வாய்ப்பு! சி.டி.யை நாம் குறுந்தகடு என்கிறோம், இலங்கைத் தமிழர்கள் இறுவட்டு என்கிறார்கள். பேச்சில் மட்டும் கேசட், சி.டி. என்ற பெயர்களே நிலைத்துவிட்டன.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இது புரிந்தால் படத்தில் கோடு விழுவது ஏன், டெக்கை எப்படிக் கையாள வேண்டும் என்பதெல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

ஆடியோ கேசட்டில் டேப் வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடும். வீடியோவில் ஒலியை விடப் பல மடங்கு தகவல் இருப்பதால், வீடியோ டேப் இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று நினைப்பீர்கள். ஆனால் வி.எச்.எஸ். டேப் ஓடும் வேகம் வினாடிக்கு வெறும் 2.34 செ.மீ. ஆடியோ கேசட்டில் பாதி கூட இல்லை!

ஒலி அலை வினாடிக்கு அதிகபட்சம் 20,000 முறை அதிரும். வி.எச்.எஸ். படத்திலோ இது சுமார் 30 லட்சம் வரை போகும். இவ்வளவையும் நேராக எழுத வேண்டுமென்றால் டேப் வினாடிக்குப் பல மீட்டர் ஓட வேண்டும். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு டேப்பை லாரியில்தான் ஏற்றி வர வேண்டியிருக்கும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி, டேப்பை மெதுவாக ஓடவிட்டு, படிக்கும் ஹெட்டைச் சுழற்றுவது. டெக்கைத் திறந்தால் உள்ளே பளபளவென்று ஓர் உலோக உருளை தெரியும். இதனை டிரம் என்பார்கள். விட்டம் 62 மி.மீ. சற்றே சாய்வாக இருக்கும் இதன் ஓரத்தில் எதிரெதிராக இரண்டு சிறிய ஹெட்கள் உள்ளன. டிரம் வினாடிக்கு 25 முறை, அதாவது நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. அதைச் சுற்றி டேப் நகரும்போது ஹெட்கள் டேப்பின் மேல் சாய்ந்த கோடுகளாக எழுதிச் செல்கின்றன. ஹெட்டுக்கும் டேப்புக்கும் இடையிலான வேகத்தைக் கணக்கிட்டால் வினாடிக்கு 4.85 மீட்டர் வரும். டேப் ஆமை போல நகர, எழுத்து முயல் போல ஓடுகிறது.

டிரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு முழுப் படம். அதில் ஒரு ஹெட் ஒற்றைப்படை வரிகளையும், மற்றது இரட்டைப்படை வரிகளையும் எழுதும். இப்படிப் பாதிப் பாதியாகப் படம் காட்டுவதற்கு இன்டர்லேசிங் என்று பெயர். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒரு வினாடிக்கு 50 கோடுகள் என்றால் மூன்று மணி நேரக் கேசட்டில் 5,40,000 கோடுகள். ஒவ்வொன்றின் அகலமும் 49 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. எழுதிய கோட்டின் மேலேயே படிக்கும் ஹெட்டும் சரியாகச் செல்ல வேண்டும். சற்று விலகினால் படத்தில் வெள்ளைப் பட்டை விழும். அதைச் சரி செய்யத்தான் டெக்கில் டிராக்கிங் என்று ஒரு திருகு அல்லது இரண்டு பட்டன்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு கேமராவில் எடுத்து வேறு டெக்கில் பார்க்கும்போது இதைத் திருப்ப வேண்டியிருப்பது சாதாரண விஷயம்.

ஹெட்டில் உள்ள இடைவெளி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. வீட்டிலேயே விசைத்தறி ஓடும் பள்ளிபாளையம், திருச்செங்கோடு பக்கத்து வீடுகளில் பஞ்சுத் தூசி எப்படிப் படியும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தத் தூசியில் ஓர் இழை ஹெட்டில் ஒட்டினாலே திரை முழுவதும் புள்ளி புள்ளியாகிவிடும். "டெக் போச்சு" என்று தூக்கிப் போட்ட பல கருவிகளில் ஹெட் அழுக்கானது மட்டுமே கோளாறாக இருந்திருக்கிறது.

ஏன் அவசரம்?

ஜே.வி.சி. நிறுவனம் தனி வி.எச்.எஸ். பிளேயர் தயாரிப்பதை 2008ல் நிறுத்தியது. கடைசியாக வி.சி.ஆர். தயாரித்து வந்த பூனாய் என்ற ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தியது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி விற்ற அந்நிறுவனம், 2015ல் விற்றது ஏழரை லட்சம். 2024ல் அந்த நிறுவனமே திவாலாகிவிட்டது. ஆக, இன்று உலகில் ஓடும் ஒவ்வொரு டெக்கும் பழையது. அதன் ரப்பர் பெல்ட் ஒவ்வொரு ஆண்டும் தளர்கிறது. பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் வேறு தொழிலுக்குப் போய்க் கொண்டிருக்கிறார்கள்.

"நாங்கள் அப்போதே சி.டி. போட்டுவிட்டோம், கேசட் எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். இதற்கு எங்கள் வீட்டுக் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

என் பெற்றோரின் திருமணம் 1995ல் ராசிபுரத்தில் நடந்தது. இரண்டே முக்கால் மணி நேரக் கேசட். 2004ல் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து வி.சி.டி.யாக மாற்றினோம். ஒரு வி.சி.டி.யில் 74 நிமிடம்தான் அடங்கும். மூன்று தகடு வந்திருக்க வேண்டும், கையில் கொடுத்தது இரண்டு. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தாலி கட்டுவது, ஆசீர்வாதம், போட்டோவுக்கு நிற்பது எல்லாம் இருந்ததால் முழுசாக இருக்கிறது என்றே நம்பிவிட்டோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சங்ககிரியில் ஒரு நண்பர் வீட்டு டெக் கிடைத்தபோது, மூலக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இரண்டாவது மணி நேரத்தில் சாப்பாட்டுப் பந்தி வந்தது. சி.டி.யில் இல்லாத பகுதி அது. தோளில் துண்டோடு ஒருவர் பந்திக்கு நடுவே நடக்கிறார். சினிமாப் பாட்டு எதுவும் மேலே ஏற்றப்படாததால் அவர் பேசுவதும் கேட்கிறது. "ஏப்பா, அந்தக் கடைசி எலைக்கு ரசம் வரலியே, பாரு!" என் அப்பாரு. நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். வீட்டில் அவர் போட்டோ இரண்டு உண்டு. குரல் எங்குமே கிடையாது. லேப்டாப்பை ஆயா முன் வைத்து ஓட்டினேன். அவர் படத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, காதைத் திருப்பிக் கொண்டு, "இன்னொரு தடவ போடு சாமி" என்றார். மொத்தம் ஒன்பது வினாடி.

எனவே சி.டி. இருக்கிறது என்பதற்காகக் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கேசட்டின் நேரத்தையும் சி.டி.யின் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.

போடும் முன் பார்க்க வேண்டியவை

கேசட்டின் பக்கவாட்டில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்திக் கொண்டே முன் மூடியைத் தூக்கினால் டேப் தெரியும். டேப்பிலோ, ஜன்னல் வழியே தெரியும் சுருளிலோ வெள்ளைப் பொடி போலப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை எக்காரணம் கொண்டும் டெக்கில் போட வேண்டாம். ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். நம் பகுதி வறண்ட பூமி என்பதால் கடற்கரை ஊர்களை விடப் பூஞ்சை குறைவு. ஆனால் தகர ஷெட்டின் பரணில் வெயில் காய்ந்த கேசட்டுகள் நெளிந்து போயிருக்கும்.

கேசட்டின் முதுகில் இடது ஓரம் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு இருந்தால் அதை உடைத்து எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அந்தக் கேசட்டில் தவறுதலாக வேறு எதுவும் பதிவாகாது. (அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டி, கல்யாணத்தின் மேல் கிரிக்கெட் பதிவு செய்த வீடுகளும் உண்டு!)

முதலில் வேறொரு உதவாத கேசட்டைப் போட்டு டெக் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் கேசட்டைக் கடைசி வரை பார்வர்டு செய்து, முழுவதும் ரீவைண்ட் செய்யுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக் கிடந்த சுருள் இதனால் தளர்ந்து சீராகும். டேப் உள்ளே மாட்டிக் கொண்டால் இழுக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, மேல் மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஹெட்டைத் துடைக்க வேண்டுமானால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் துணியை டிரம்மின் மேல் அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் கூடாது.

கம்ப்யூட்டரில் ஏற்றுவது

டெக்கின் பின்னால் வீடியோ அவுட் மஞ்சள் நிறத்திலும், ஆடியோ அவுட் வெள்ளை நிறத்திலும் இருக்கும். சிவப்பும் இருந்தால் அது ஸ்டீரியோ. இவற்றை இணைக்க யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் என்ற சிறிய கருவி ஒன்று தேவை. வாங்கும்போது மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். எச்.டி.எம்.ஐ. கேப்சர் என்று விற்பது வேறு, அதில் டெக்கை இணைக்க முடியாது. விண்டோஸ் 11ல் வேலை செய்யுமா என்று கேட்டு, செய்யாவிட்டால் திருப்பித் தரலாமா என்பதையும் உறுதி செய்து கொள்ளுங்கள்.

ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். சோர்சஸ் என்ற பெட்டியில் கூட்டல் குறியைக் கிளிக் செய்து, வீடியோ கேப்சர் டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கருவியின் பெயரைக் காட்டி, கான்பிகர் வீடியோ என்ற பட்டனை அழுத்தி, வீடியோ ஸ்டாண்டர்டு என்ற இடத்தில் பால் பி என்று அமைத்திடுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இங்கே என்.டி.எஸ்.சி. என்று இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், நாம் டெக்கைச் சந்தேகப்படுவோம். ரெசல்யூஷன் 720 x 576.

பெட்டியில் அந்தக் கருவியின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்தால் டீஇன்டர்லேசிங் என்ற பிரிவு கிடைக்கும். முன்பு பார்த்த பாதிப் பாதிப் படங்களை ஒன்று சேர்ப்பது இதன் வேலை. இதைச் செய்யாவிட்டால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலத் தெரியும். யாடிப் 2எக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ் பகுதியில் வினாடிக்கு 50 பிரேம் என்று வைத்தால் அசைவு பழைய டி.வி.யில் பார்த்தது போலவே இயல்பாக இருக்கும். அங்கேயே படத்தின் அளவை 768 x 576 என்று அமைத்து, படத்தை அந்தப் பரப்புக்குப் பொருந்தும்படி இழுத்துவிடுங்கள். அகலத் திரைக்கு இழுத்து மணமக்களைக் குண்டாக்க வேண்டாம்.

பைல் பார்மட் எம்.கே.வி. ஆக இருக்கட்டும். பாதியில் கரண்ட் போய் கம்ப்யூட்டர் நின்றாலும் அதுவரை பதிவானது பிழைத்துக் கொள்ளும். சாதாரண எம்.பி.4 என்றால் முழு பைலும் திறக்காமல் போகலாம். முடிந்த பிறகு பைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் மூலம் எம்.பி.4 ஆக மாற்றி மொபைலில் பார்க்கலாம்.

டெக்கில் மூன்று மணி நேரம் ஓடினால் கம்ப்யூட்டரிலும் மூன்று மணி நேரம்தான் ஆகும். பைல் காப்பி செய்வது போல இதை வேகப்படுத்த முடியாது. பிட்ரேட் 8,000 கே.பி.பி.எஸ். என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜி.பி. இடம் பிடிக்கும். சுருக்காமல் அப்படியே பதிந்தால் 75 ஜி.பி.! வீட்டுக்கு அது தேவையில்லை.

"4கே தரத்தில் மாற்றித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் கவனமாக இருங்கள். வி.எச்.எஸ்.ஸில் ஒரு வரிக்கு சுமார் 320 புள்ளி அளவுக்குத்தான் விவரமே உள்ளது. அதற்கு மேல் காட்டுவதை ஏ.ஐ. சாப்ட்வேர் தானாகக் கற்பனை செய்து வரைகிறது. கண்ணும் பல்லும் பளிச்சென்று தெரியும், ஆனால் அது உங்கள் தாத்தாவின் முகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆசைக்குச் செய்து பாருங்கள், ஆனால் மூலப் பதிவின் பைலைத் தனியாகக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

கேசட்டே இல்லை, வி.சி.டி. மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள் அதையாவது இப்போதே காப்பாற்றுங்கள். இன்றைய லேப்டாப்களில் சி.டி. டிரைவ் வருவதில்லை, யு.எஸ்.பி. டிரைவ் தனியாக வாங்க வேண்டும். தகட்டைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற போல்டர் இருக்கும். அதிலுள்ள டேட் வகை பைல்களை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, வி.எல்.சி. பிளேயரில் திறந்தால் ஓடும். 74 நிமிடப் படத்தை அடக்குவதற்காக, கம்ப்யூட்டர் சி.டி.யில் இருக்கும் பிழைதிருத்தத் தகவலின் ஒரு பகுதியை வி.சி.டி.யில் விட்டுவிட்டார்கள். அதனால் சிறு கீறலுக்கே காப்பி நின்றுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, மையத்திலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து மீண்டும் முயலுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

பைலுக்கு "வீடியோ1" என்று பெயர் வைக்காமல் யார் திருமணம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று உங்களிடம், மற்றொன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில். படத்தில் வருபவர்களை அடையாளம் சொல்லக் கூடிய பெரியவர்கள் இருந்தால், ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து, எத்தனையாவது நிமிடத்தில் யார் வருகிறார் என்று நோட்பேடில் எழுதி அதே போல்டரில் போட்டு வையுங்கள். கேசட்டை முழுவதும் ரீவைண்ட் செய்து, புத்தகம் போல நிறுத்தி, ஸ்பீக்கர், மோட்டார் பக்கம் போகாமல் பீரோவில் வைத்துவிடலாம்.